மான்ஸ்டெரா இலை ஏன் கிழியாமல் வருகிறது?

கேள்வி இதுதான்: வீட்டுக்குள் மான்ஸ்டெரா வைத்து எட்டு மாதமாகிறது. வந்தபோது இலைகளில் ஓட்டையும் வெட்டும் அழகாக இருந்தன. இப்போது வரும் இலைகள் சிறுத்து, ஓட்டையே இல்லாமல் வெற்றிலை மாதிரி வருகின்றன. அடி இலைகள் மஞ்சளாகி விழுகின்றன. தண்டிலிருந்து பழுப்பு நிறத்தில் நீளமாக ஏதோ தொங்குகிறது, வெட்டிவிடலாமா? செடி ஹாலில் சோபா பக்கத்து மூலையில் இருக்கிறது. வாரம் இரண்டு தடவை தண்ணீர், மாதம் ஒரு தடவை உரம். வீட்டில் தவழும் குழந்தை உண்டு, இது விஷச் செடியா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது காத்திருக்கக் கூடாது. ஆம், கடித்தால் தொல்லைதான். இது சேம்பு, கருணை இவற்றின் குடும்பம். கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே, அதே சமாச்சாரம் இதிலும் உண்டு: ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். இலையையோ தண்டையோ கடித்தால் அவை நாக்கிலும் உதட்டிலும் குத்தும். எரிச்சல், வீக்கம், எச்சில் ஒழுகல் எல்லாம் வரும். முதல் கடியிலேயே சுருக்கென்று வலிப்பதால் பெரும்பாலும் இரண்டாவது கடி நடப்பதில்லை, பெரிய ஆபத்தாக முடிவது அரிது. ஆனாலும் குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்துவிட்டு, வீக்கம் தெரிந்தாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ தயங்காமல் மருத்துவரிடம் போங்கள். நாய், பூனைக்கும் இதே கதைதான். செடியை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு சிலருக்கு அரிக்கும்.

இனி செடிக்கு வருவோம். நீங்கள் சொன்னதில் எனக்குப் பளிச்சென்று பட்டது “சோபா பக்கத்து மூலை” என்பதுதான். மற்ற எல்லாக் கோளாறும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

மான்ஸ்டெராவைத் தொட்டியில் பார்த்துப் பழகியதால் அதை ஒரு புதர் மாதிரி நினைக்கிறோம். அது புதர் இல்லை, கொடி. மணி பிளான்ட்டுக்குப் பங்காளி. தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையிலான மழைக்காடுகள்தான் அதன் சொந்த இடம். டென்மார்க்கைச் சேர்ந்த லீப்மன் என்ற தாவரவியலாளர் 1849-இல் அதற்கு மான்ஸ்டெரா டெலிசியோசா என்று பெயர் கொடுத்தார். காட்டில் விதை தரையில் முளைக்கும். நாற்று ஊர்ந்துபோய் ஒரு மரத்தைப் பிடிக்கும். அப்புறம் காற்றுவேர்களை மரப்பட்டையில் ஊன்றிக்கொண்டு மேலே, மேலே என்று வெளிச்சத்தைத் தேடி ஏறும். 60 அடி உயரம் கூடப் போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மான்ஸ்டெரா இனத்தின் இன்னொரு கொடியை வைத்து 1975-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அதன் நாற்று வெளிச்சத்தை நோக்கி அல்ல, இருட்டை நோக்கி ஊர்கிறது என்று காட்டியது. காட்டுத் தரையில் எந்தப் பக்கம் அதிக இருட்டோ அந்தப் பக்கம்தான் பருத்த அடிமரம் இருக்கும், அதனால். மரத்தைத் தொட்டு ஏற ஆரம்பித்ததும் ஆசை மாறிவிடும், வெளிச்சம்தான் வேண்டும். “இது நிழல் செடி, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்” என்று சொல்பவர்கள் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். நிழலில் சாகாமல் கிடப்பது வேறு, நிழலில் வளர்வது வேறு. உங்கள் செடி இப்போது சாகாமல் கிடக்கிறது.

இலை ஏன் முழுசாக வருகிறது என்பதற்கும் இதுதான் காரணம். இளங்கொடியின் இலைகள் இயல்பாகவே சின்னதாக, இதய வடிவில், ஓட்டையில்லாமல்தான் இருக்கும். ஏற ஏற, வெளிச்சம் கிடைக்கக் கிடைக்க, ஒவ்வோர் இலையும் முந்தியதைவிடப் பெரிதாகி, முதலில் ஓரம் பிளந்து, பிறகு நடுநரம்பை ஒட்டிச் சின்னச் சின்ன ஓட்டைகளும் சேரும். வசதியாக ஏறிய கொடியில் ஓர் இலையே மூன்றடி வரை வரும். ஓட்டை எதற்கு என்பதில் பல கருத்துகள் உண்டு. எனக்குப் பிடித்தது 2013-இல் கிறிஸ்டோபர் மியூர் என்ற உயிரியலாளர் முன்வைத்த விளக்கம். காட்டுக்குள் வெயில் விட்டு விட்டு, திட்டுத் திட்டாகத்தான் விழும். அதே அளவு இலைத் திசுவை ஓட்டைகளோடு அகலமாகப் பரப்பினால் அந்தத் திட்டுகளில் ஒன்றாவது இலைமேல் விழும் வாய்ப்பு கூடும். வரவு கொஞ்சமானாலும் ஒழுங்காக வரும், பட்டினி நாள் குறையும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓட்டை உருவாவது இலை மொட்டுக்குள் இருக்கும்போதே. குறிப்பிட்ட இடங்களில் செல்கள் தாமாகவே இறந்து துளையாகின்றன, இலை வளர வளரத் துளையும் பெரிதாகிறது. ஆகவே முழுசாக விரிந்துவிட்ட இலை இனி முழுசுதான். அது பிறகு கிழியும் என்று காத்திருந்து பயனில்லை. இதற்காகவே ஒருவர் கத்தரிக்கோலால் இலையை வெட்டி விட்டதையும் பார்த்திருக்கிறேன்! பாவம், வெட்டிய ஓரம் காய்ந்து பழுப்பானதுதான் மிச்சம்.

சரி, எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? நம் கண்ணை நம்பக்கூடாது. வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிந்து ஈடுகட்டிவிடும். நமக்கு ஹால் முழுக்க ஒரே பிரகாசமாகத் தெரியும். உண்மையில் ஜன்னலிலிருந்து ஆறேழு அடி தள்ளினாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடுகிறது. நான் செய்வது ஒரு எளிய சோதனை. செடி நிற்கும் இடத்தில், அதன் இலை உயரத்துக்குக் குனிந்து தலையை வைத்துப் பார்ப்பேன். அங்கிருந்து வானம் தெரிந்தால் இடம் தேறும். சுவரும் சோபா முதுகும் மட்டுமே தெரிந்தால் தேறாது. இன்னொன்று, பகல் பொழுதில் ஒரு வெள்ளைத் தாளுக்கு ஓரடி மேலே கையைப் பிடியுங்கள். நிழலில் விரல் விரலாகப் பிரிந்து தெரிந்தால் நல்ல வெளிச்சம். ஏதோ சாம்பல் கறை மாதிரி மங்கலாகத் தெரிந்தால் மான்ஸ்டெராவுக்கு அது பட்டினி.

ஜன்னலுக்கு மூன்றடிக்குள் கொண்டுவந்து வையுங்கள். இளங்காலை வெயில் ஓரிரு மணி நேரம் நேராகப் பட்டால் ஒன்றும் ஆகாது, சந்தோஷப்படும். உச்சி வெயில் கண்ணாடி வழியாக விழுந்தால் மட்டும் இலை வெந்து, வெளிறிய காகிதம் மாதிரித் திட்டுகள் வரும். அதற்கு ஒரு மெல்லிய திரை போதும். எட்டு மாதம் இருட்டில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலில் தள்ளாமல், இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஜன்னல் பக்கம் இடமே இல்லையென்றால் வெள்ளை ஒளி எல்இடி வளர்ப்பு விளக்கு ஒன்றை இலைக்கு ஒன்றரை, இரண்டு அடி மேலே தொங்கவிட்டு நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம். வேலை செய்யும், நானே இரண்டு செடிகளை அப்படி வளர்க்கிறேன்.

அடுத்து மஞ்சள் இலை. எப்போதாவது ஆக அடியிலுள்ள ஒரே ஓர் இலை மஞ்சளானால் அது வயசு, விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று சேர்ந்து மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேரில் கோளாறு. வெளிச்சம் குறைந்த செடி தண்ணீர் குடிப்பதும் குறையும். குடிக்காத தண்ணீர் மண்ணில் தங்கும், காற்று போக வழியில்லாமல் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேர் தண்ணீரை இழுக்காது என்பதால் இலை தொய்ந்து நிற்கும். அதைப் பார்த்து “தாகம் போலிருக்கிறது” என்று நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம். என் முதல் மான்ஸ்டெராவை நான் இப்படித்தான் கொன்றேன். ஞாயிறு, புதன் என்று நாள் குறித்து ஊற்றினேன். பெரிதாக வளரட்டும் என்று அதற்கு மூன்று மடங்கு பெரிய தொட்டி. வடிகாலுக்கு என்று அடியில் ஒரு சாண் கூழாங்கல்.

அந்தக் கூழாங்கல் யோசனை இன்னும் உயிரோடு இருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் நனைந்து நிறைந்து வழிந்தால்தான் இறங்கும். ஆகவே தொட்டியின் அடியில் தங்கியிருக்க வேண்டிய சேறு, கல்லின் உயரத்துக்கு ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. கல்லால் வடிகால் கூடவில்லை, தொட்டியின் ஆழம்தான் குறைந்தது. அடியில் ஓட்டை இருக்க வேண்டும், மண்கலவை லேசாக இருக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

இந்த வாரம் செடியைத் தொட்டியிலிருந்து ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். அழுகிய வேரை விரலால் உருவினால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். மூக்கே சொல்லிவிடும், சாக்கடை வாடை. அழுகியதை எல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி எறியுங்கள். மிச்ச வேர்க்கட்டு எவ்வளவோ அதைவிட இரண்டு அங்குலம் மட்டும் அகலமான தொட்டிக்கு மாற்றுங்கள். இப்போதிருப்பதைவிடச் சின்னத் தொட்டி வந்தாலும் கவலையில்லை. வேர் நன்றாகவே இருந்தால் கலைக்காமல் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள்.

நான் போடும் கலவை: தென்னைநார்த் துகள் இரண்டு பங்கு, மரப்பட்டைத் துண்டுகள் இரண்டு பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளை எரிமலைக்கல் துகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. தென்னைநார்த் துகளில் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு தடவை அலசிப் பிழிந்து போடுங்கள். அளவு முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. கைநிறைய எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும், அதுதான் கணக்கு.

தண்ணீருக்கு நாள் குறிக்காதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் தட்டாவிட்டால் ஊற்றுங்கள், தட்டினால் போய் வேறு வேலை பாருங்கள். ஊற்றும் நாளில் அரைகுறையாகத் தெளிக்காமல் அடி ஓட்டை வழியாக வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். ஜன்னலோரம் வந்ததும் செடி முன்பைவிட வேகமாகக் குடிக்கும். குளிர்காலத்தில் அதே செடி மூன்று வாரம்கூடக் கேட்காமல் இருக்கும். சில மாதம் போனால் விரலும் தேவைப்படாது, தொட்டியைக் கொஞ்சம் சாய்த்துத் தூக்கினாலே கனம் சொல்லிவிடும்.

இப்போது அந்தப் பழுப்பு நிறச் சங்கதி. அது காற்றுவேர், வெட்டாதீர்கள். வெட்டினால் செடி சாகாது, ஆனால் ஏறுவதற்கு அது வைத்திருக்கும் கையை நீங்களே ஒடிப்பதாக ஆகும். அது தொங்குகிறதென்றால் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை என்று பொருள். ஒரு தாங்கு கொடுங்கள். கொடுப்பதற்கு முன் தண்டை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மான்ஸ்டெரா தண்டுக்கு முகமும் முதுகும் உண்டு. இலைக்காம்புகள் விரிந்து வெளிச்சத்தைப் பார்ப்பது முகம். காற்றுவேர்கள் புறப்படுவது முதுகு. கம்பை முதுகுப் பக்கம் நட வேண்டும். பலர் தொட்டியின் நடுவில் கம்பை நட்டு, செடியை முறுக்கி, இலைக்காம்புகளைச் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு இலைகள் திரும்ப முடியாமல் ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். கட்ட வேண்டியது தண்டை மட்டும், துணி நாடாவால், தளர்வாக.

இலை எப்படித் திரும்புகிறது என்பதையும் பார்க்கலாம். காம்பு இலையோடு சேரும் இடத்தில், கை மணிக்கட்டு மாதிரிச் சற்றே தடித்த, நிறம் வெளிறிய ஒரு வளைவு இருக்கும். செடி அந்த இடத்தில்தான் இலையை மடக்கி வெளிச்சத்துக்கு நேராக வைக்கிறது. புதிய இடத்தில் வைத்துப் பத்து நாளில் இலைகள் ஒவ்வொன்றாகத் தலை திருப்புவது தெரியும். “வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பி வையுங்கள்” என்று எல்லோரும் சொல்வார்கள். புதராக வளரும் செடிக்கு அது சரி. கம்பில் ஏறும் கொடிக்கு நான் சொல்ல மாட்டேன். முகத்தை ஜன்னலுக்கும் முதுகைக் கம்புக்கும் கொடுத்துவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

கம்பு எதுவாகவும் இருக்கலாம். பாசி சுற்றிய கம்பு நல்லது, ஆனால் பாசியை ஈரமாக வைத்திருந்தால்தான். ஈரம் இருந்தால் காற்றுவேர் உள்ளே புகுந்து கிளைத்துத் தண்ணீரும் சத்தும் எடுக்கும், அடுத்த இலையிலேயே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். காய்ந்த பாசி வெறும் அலங்காரம். தினமும் நனைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சொரசொரப்பான ஒரு மரப்பலகை போதும். கம்பை எட்டாத தாழ்ந்த காற்றுவேர்களை வளைத்துத் தொட்டி மண்ணுக்குள் விட்டுவிடுங்கள்.

உரத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். வளராத செடிக்குப் போட்ட உரம் உப்பாக மண்ணில் தங்கி வேரைச் சுடும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதுதான். புது இலை வர ஆரம்பித்த பிறகு, தழைச்சத்து சற்றுத் தூக்கலான திரவ உரத்தை உறையில் சொன்னதில் பாதி அளவில் மாதம் ஒருமுறை கொடுங்கள்.

இலைமேல் தண்ணீர் தெளிப்பதில் பெரிய பலன் இல்லை, சில நிமிடத்தில் காய்ந்துவிடும். ஈரத்துணியால் துடைப்பது நூறு மடங்கு மேல்: தூசி போகும், பூச்சி இருந்தால் கண்ணிலும் படும். பளபளப்புக்கு எண்ணெய் தடவ வேண்டாம். 18 முதல் 30 டிகிரி வரை வசதி, 10 டிகிரிக்குக் கீழே போனால் கஷ்டப்படும். ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்காத இடமாக இருக்கட்டும். காலையில் இலை நுனியில் சொட்டுத் தண்ணீர் நின்றால் பயப்படாதீர்கள், இரவில் வேர் உறிஞ்சியதில் மிஞ்சியதைச் செடி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். காற்றைச் சுத்தம் செய்யும் என்று வாங்கியிருந்தால், மன்னிக்கவும். அந்தப் பேச்சுக்கு மூலம் நாசா 1989-இல் மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்த ஆய்வு. ஜன்னல் வழியாகச் சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 வரை தேவைப்படும் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். சோபாவுக்கு இடமிருக்காது.

பூச்சிகளில் நான் பயப்படுவது இலைப்பேனுக்கு மட்டும். மாவுப்பூச்சி வெள்ளைப் பஞ்சாகத் தெரியும், துடைத்துவிடலாம். இலைப்பேன் அப்படியில்லை. இலைமேல் வெள்ளி பூசியது மாதிரிக் கீறல்களும், அவற்றுக்கிடையே மிளகுத்தூள் தூவியது மாதிரிக் கரும்புள்ளிகளும் இருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பி நரம்போரமாகப் பாருங்கள். அரிசியில் கால்வாசி நீளத்தில் வெளிர் மஞ்சளாகவோ கறுப்பாகவோ மெல்ல நகரும். செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் நன்றாகக் கழுவி, வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலை இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். ஒரு தடவையோடு விட்டால் வீண் வேலை. முட்டைகள் இலைத் திசுவுக்குள்ளேயே இருப்பதால் வாரம் ஒன்றாகக் குறைந்தது ஐந்தாறு வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

தண்டு ஏற்கெனவே வெளிச்சம் தேடி நீண்டு, இலைகளுக்கு நடுவே சாண் சாணாக வெறுமையாக இருந்தால், அந்தப் பகுதி இனி அடர்த்தியாகாது. ஜன்னலோரம் நன்றாகத் தேறிய பிறகு நுனியை வெட்டி வேறாக நடலாம். வெட்டும் துண்டில் ஒரு கணுவாவது இருக்க வேண்டும், கூடவே காற்றுவேரும் இருந்தால் உத்தமம். கணு இல்லாத வெறும் இலையும் காம்பும் தண்ணீரில் வேர்கூட விட்டு மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், ஆனால் அதிலிருந்து புது இலை ஒருநாளும் வராது. வெட்டிய அடித்தண்டு வீணாகாது. மேல் கணுவிலிருந்து ஒரு மொட்டு கிளம்பும்.

இடம் மாற்றியதும் வரும் முதல் இலை அநேகமாக இன்னும் முழுசாகவே வரும். அது மூலையில் இருந்தபோதே மொட்டுக்குள் உருவாகிவிட்டது. இரண்டாவதில் ஓரத்தில் ஒரு வெட்டு விழலாம், மூன்றாவது நான்காவதில்தான் நிலவரம் தெரியும்; நல்ல வெளிச்சத்தில் மாதத்துக்கு ஓர் இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டிய பாய் மாதிரி வெளிறிய பச்சையில் அது வெளியே வரும்போது உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று விரலால் பிரித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். பிரிக்காதீர்கள், அந்த நிலையில் இலை ஈரக்காகிதம் மாதிரி இருக்கும், கிழிந்துவிடும். அவசரமாகத் தெரிய வேண்டுமென்றால் சுருளை ஜன்னலுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் மடிப்பு மடிப்பாகத் தெரியும்.